ஓராண்டுக் காத்திருப்பு: வெண்புள்ளி அறுவைச் சிகிச்சையில் செலவும் தகுதியும்

வெண்புள்ளிக்கான அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச்செடுத்தால் முதலில் எழுவது 'எவ்வளவு ஆகும்?' என்ற கேள்வி. 'யாருக்குச் செய்யலாம்?' என்பது அதற்குப் பின்னரே வருகிறது. கடந்த அறுபது ஆண்டுகளின் மருத்துவக் கட்டுரைகளைக் கால வரிசையில் வைத்துப் படித்தால், இவ்விரு கேள்விகளும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்திருப்பதைக் காணலாம். முதற் கேள்விக்கு இந்திய மருத்துவர்கள் திரும்பத் திரும்ப விடை கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கருவி எளிமையாகியிருக்கிறது, செலவு இறங்கியிருக்கிறது. இரண்டாம் கேள்விக்கான விடை இன்றும் நாட்காட்டியையே நம்பி நிற்கிறது. நோயாளி பாதிக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

நோயின் வரலாறு மிகப் பழமையானது. அதர்வ வேதத்தின் முதற்காண்டத்திலேயே, இரவில் பிறந்த கருநிற மூலிகையை விளித்து, தோலின் வெண்திட்டுகளுக்கு நிறமேற்றும்படி வேண்டும் பாடல்கள் உள்ளன. கார்போகரிசியை மேலே பூசி வெயிலில் நிற்கச் சொல்வது இந்திய மருத்துவ மரபுகளின் நெடுநாளைய வழக்கம். அவ்விதையிலுள்ள சோராலென் வகைப் பொருள் ஒளியோடு சேர்ந்தே வேலை செய்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் வேதியியல் உறுதிசெய்தது. நைல் ஆற்றங்கரையில் விளையும் வேறொரு செடியிலிருந்து எகிப்திய ஆய்வாளர்கள் 1940களின் பிற்பகுதியில் அதே குடும்பத்துச் சேர்மத்தைப் பிரித்தெடுத்து மருந்தாக்கினார்கள். இந்த நோய்க்குத் தமிழில் 'வெண்குட்டம்' என்றும் இந்தியில் 'சஃபேத் கோட்' என்றும் வழங்கிய பெயர்கள், தொழுநோயோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒன்றைத் தொழுநோயின் நிழலில் நிறுத்தின. இப்பெயர்க்குழப்பம் விளைவித்த சமூகத் துன்பம் தனிக் கட்டுரைக்குரியது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தத் துன்பமே ஒரு சந்தையையும் உருவாக்கியது என்பது. மாய மருந்துகளையும் பொய் விளம்பரங்களையும் தடுக்க 1954இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அட்டவணையில் வெண்புள்ளியும் இடம்பெற்றது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் அது.

மருந்து தோற்ற இடத்தில் கத்தி வந்தது ஏன் என்பதை அறிய, தோலின் அமைப்பைச் சற்றே பார்க்க வேண்டும். மேற்தோலின் அடி அடுக்கில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. அவை செய்யும் மெலனின் சுற்றியுள்ள செல்களுக்குப் பகிரப்படுகிறது. வெண்புள்ளியில் இந்த நிறமிச் செல்கள் அழிகின்றன. மயிர்க்கால்களின் வேர்ப்பகுதியில் சில செல்கள் எஞ்சியிருந்தால் மருந்தும் ஒளியும் அவற்றைத் தூண்டி மேலே வரச்செய்யும். உதடு, விரல்நுனி, உள்ளங்கை போன்ற மயிரில்லா இடங்களிலும், முடியும் வெளுத்துவிட்ட திட்டுகளிலும் தூண்டுவதற்கு ஏதும் இருப்பதில்லை. அங்கே புதிதாகச் செல்களைக் கொண்டுவந்து நடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நட்டால் பரவுமா என்பதற்கான சான்று மனிதரிடமிருந்து வரவில்லை. கினியா பன்றிகளிடமிருந்து வந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார், ரூபர்ட் பில்லிங்ஹமுடன் சேர்ந்து, கறுப்பும் வெள்ளையும் கலந்த கினியா பன்றிகளின் வெண்ணிறப் பகுதியில் கருந்தோல் துண்டுகளை ஒட்டினார். ஒட்டைச் சுற்றிக் கருமை மெல்லப் பரவியது. இது 1948இல் வெளியான ஆய்வு. கருநிறச் செல்கள் அண்டையிலுள்ள வெண்ணிறச் செல்களைத் 'தொற்றி' மாற்றுகின்றன என்று அவர்கள் தந்த விளக்கம் பின்னர் பிழையெனத் தெரிந்தது. உண்மையில் நிறமிச் செல்களே இடம்பெயர்ந்திருந்தன. விளக்கம் பிழைத்தாலும், பரவுகிறது என்ற கண்டறிதல் நிலைத்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் டென்மார்க்கின் ஹாக்ஸ்டாவ்சன் வெண்புள்ளி நோயாளிகளிடமே தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார். அவருடைய நோக்கம் நோயின் காரணத்தை அறிவது. நல்ல தோலை நோயுற்ற இடத்தில் வைத்தால் அதுவும் வெளுக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அச்சோதனையில் இருந்தது. ஒட்டினால் பரவும், ஒட்டினாலும் அழியும் என்னும் இவ்விரு செய்திகளும் ஒன்றாகவே பிறந்தன. பின்வந்தோர் முதலாவதைப் பற்றிக்கொண்ட வேகத்தில் இரண்டாவதைப் பற்றிக்கொள்ளவில்லை.

இந்தியாவில் இவ்வரலாறு தில்லியின் பிரேம் நாத் பேலிடமிருந்து தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். தோல் மருத்துவ மாணவர் தலைமுறைகள் படித்த பாடநூலின் ஆசிரியர் அவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்காயங்களுக்கும் ஆறாப் புண்களுக்கும் ஜெர்மானிய அறுவை மருத்துவர் தியர்ஷ் கையாண்ட மெல்லிய தோல் ஒட்டினை, 1964இல் பேல் வெண்புள்ளிக்குப் பயன்படுத்தி எழுதினார். அக்கட்டுரையின் தலைப்பில் ஒட்டுக்கு இடப்பட்ட அடைமொழி 'ஹோமோலோகஸ்'. பாட்டியாவுடன் சேர்ந்து 1973இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் அது 'ஆட்டோலோகஸ்' ஆகியிருக்கிறது. முதற்சொல் பிறர் உடலிலிருந்து பெற்றதையும், அடுத்தது தன்னுடலிலிருந்தே எடுத்ததையும் குறிப்பன. பிறர் தோலை உடல் ஏற்றுக்கொள்ளாது என்பதை நிறுவியதும் மெடவாரின் ஆய்வுகளே. பின்வந்த கட்டுரைகள் பேலின் இரு தலைப்புகளையும் ஒரே மூச்சில் மேற்கோள் காட்டிக் கடந்துவிடுகின்றன. ஒரு துறையின் தொடக்கச் சொற்களில் நேர்ந்த இந்த மாற்றம் நின்று பார்க்கத் தக்கது.

பேலின் முறைக்குத் தேவைப்பட்டவை தோல் சீவும் கத்தி, மரத்துப்போகச் செய்யும் ஊசி, கட்டுத்துணி, பழகிய கை ஆகியவையே. கருவிச் செலவு சிறிது. மாறாக, உடல் கொடுக்கும் விலை பெரிது: எவ்வளவு பரப்பை மூட வேண்டுமோ ஏறத்தாழ அவ்வளவு பரப்புத் தோலைத் தொடையிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ சீவியெடுக்க வேண்டும். உள்ளங்கையளவு திட்டுக்கு உள்ளங்கையளவு புதுக்காயம். ஆகவே சிறிய திட்டு உள்ளவரே தகுதியானவர் என்ற முதல் வரம்பு, நோயின் தன்மையால் அமையாமல் தோலின் கணக்கால் அமைந்தது.

இக்கணக்கை மாற்றவே துளை ஒட்டு முறை வந்தது. நியூயார்க்கின் நார்மன் ஓரென்ட்ரைக் 1972இலும், கொலம்பியாவின் கலி நகரத்து ரஃபேல் ஃபலபெல்லா 1978இலும் வெளியிட்ட கட்டுரைகள் இதன் மூலங்கள். ஓரிரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைப்பான் கொண்டு நல்ல தோலில் நுண்துண்டுகளை எடுத்து, வெண்திட்டில் இடைவெளி விட்டுப் பதிப்பார்கள். நாற்று நடுவதைப் போன்றது. இடைவெளியை நிரப்புவது செல்களின் வேலை. இந்தியச் சூழலுக்கு இது மிகப் பொருந்தியது. மாவட்ட மருத்துவமனையின் சிறு அறுவைக் கூடத்திலும் செய்யக்கூடியது. மின்சாரம் நின்றாலும் நடக்கும். கொல்கத்தாவின் மலாகரும் தரும் 1,000 நோயாளிகளிடம் இம்முறையைக் கையாண்டு 1999இல் எழுதினார்கள். வெண்புள்ளி அறுவை இலக்கியத்தில் அத்தகைய எண்ணிக்கை அரிது. பத்து, இருபது பேரை வைத்து எழுதிய கட்டுரைகளே பெரும்பான்மை. ஆனால் மலிவுக்கு ஒரு தழும்பு உண்டு. பதித்த துண்டுகள் சற்றே மேலெழுந்து, கூழாங்கல் பாவிய தரைபோல் தோற்றமளிப்பது இம்முறையின் பெயர்பெற்ற குறை. முதுகில் அது பொருட்டில்லை, கன்னத்தில் பொருட்டு. நிறம் திரும்பியும் முகம் பழையபடி இல்லை என்று வருந்தும் நோயாளியை, 'வெற்றி' என்ற அட்டவணைக் கட்டத்தில்தான் ஆய்வு சேர்க்கிறது.

உறிஞ்சு கொப்புள முறை தழும்பைத் தவிர்த்தது. தோலின் மீது பல மணி நேரம் குறைந்த அழுத்தம் கொடுத்தால் மேற்தோல் மட்டும் கொப்புளமாகக் கழன்று எழும். அதன் கூரையைக் கத்தரித்து வெண்திட்டில் ஒட்டலாம். பின்லாந்தின் கீஸ்டலா 1960களில் கொப்புளம் எழுப்பும் கருவியை உருவாக்கினார். ஃபலபெல்லா 1971இலேயே அதை ஒட்டுக்குப் பயன்படுத்தினார். அந்தக் கருவியின் விலை ஒரு தடையாக இருந்தது. சோமேஷ் குப்தா முதலிய இந்திய மருத்துவர்கள் 1999இல் சொன்ன மாற்று வழி எளிமையின் எல்லை: சாதாரண ஊசிக்குழல்களின் அடிப்பாகத்தைத் தோலில் வைத்து, மும்முனைத் திருகு வழியே காற்றை இழுத்துப் பூட்டிவிடுவது. மருத்துவமனை மருந்தறையில் கிடைக்கும் பொருள்களே போதும். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 63 ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட மதிப்பாய்வில், மெல்லிய தோல் ஒட்டும் கொப்புள ஒட்டும் சராசரியாக 87 விழுக்காடு வெற்றியோடு முன்னணியில் நின்றன. பழையதும் மலிவானதுமான முறைகளே அவை என்பது கவனத்துக்குரியது. ஆய்வுக்கு ஆய்வு நோயாளித் தேர்வு மாறுபட்டதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. பெரும்பாலும் நோய் அடங்கியவர்களே மேசைக்கு வந்தவர்கள்.

நோய் அடங்கியவர் யார்? ஜப்பானிய மருத்துவர் கோகா 1977இல் இக்கேள்விக்கு ஓர் அடித்தளம் இட்டார். உடலின் இருபுறமும் பரவி ஆண்டுக்கணக்கில் கூடியும் தணிந்தும் செல்லும் வகை ஒன்று. உடலின் ஒரு பக்கத்தில், ஒரு பட்டையாகத் தோன்றி, விரைவில் பரவி, பின் அடங்கி, அப்படியே உறைந்துவிடும் வகை மற்றொன்று. இரண்டாவது வகையினருக்கு ஒட்டு பெரும்பாலும் நிலைக்கிறது. முதல் வகையினருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலே நிறமிச் செல்களைத் தாக்குவதால், நட்ட செல்லுக்கும் பழைய செல்லுக்கு நேர்ந்த கதியே நேரலாம். அத்துடன், காயம்பட்ட இடத்திலெல்லாம் புது வெண்புள்ளி தோன்றும் கோப்னர் விளைவு உள்ளவருக்கு, தோல் எடுத்த தொடையும் வெளுக்கும். ஒரு திட்டை மறைக்கச் சென்று இரு திட்டோடு திரும்புதல் என்பது கற்பனையன்று. இந்நோயின் இயல்பிலேயே உள்ள அபாயம்.

இதனால் முன்சோதனை தேவைப்பட்டது. ஃபலபெல்லா 1995இல் முன்வைத்தது சிக்கனமான சோதனை: திட்டின் நடுவே நான்கைந்து நுண் ஒட்டுகளை மட்டும் வைத்து மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பது. நிறம் ஒட்டின் விளிம்பைத் தாண்டிப் பரவினால் மேலே செல்லலாம். இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் அறுவைப் பணிக்குழுவுக்காக தவிந்தர் பர்சாதும் சோமேஷ் குப்தாவும் 2008இல் எழுதிய வழிகாட்டு நெறிகள் இன்னும் எளிய அளவுகோலைத் தந்தன. கடந்த ஓராண்டில் புதுத் திட்டு தோன்றியிருக்கக் கூடாது. பழைய திட்டு பெரிதாகியிருக்கக் கூடாது. கோப்னர் விளைவு இருக்கக் கூடாது. ஐயமிருந்தால் சோதனை ஒட்டு வைக்கலாம். அதற்கு முன் வெளிவந்த கட்டுரைகளில் சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை ஆளுக்கொரு கால அளவு வழங்கிவந்தது. ஓராண்டு என்பது உயிரியல் கண்டெடுத்த எண் என்பதைவிட, அனுபவமுள்ளவர்கள் கூடி ஒப்புக்கொண்ட எண் என்பதே பொருத்தம். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஓரளவு வலுச்சேர்த்தது: அடங்கியதாகத் தோன்றிய தோலிலும் சி.டி. 8 வகைத் தாக்குச் செல்கள் மிகுந்திருந்தவர்களுக்கு நிறம் திரும்புவது குறைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் அமைதி வேறு, தோலுக்குள் நிலவும் அமைதி வேறு. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் திசு எடுத்துச் செல் எண்ணுவது புறநோயாளிப் பிரிவில் நடக்கக்கூடிய காரியமன்று. ஆகவே நாட்காட்டியே நடைமுறை அளவுகோலாக நீடிக்கிறது.

இதே காலத்தில் மறுபக்கம், தொழில்நுட்பம் செல் அளவுக்கு இறங்கியது. யேல் பல்கலைக்கழகத்தின் ஆரன் லெர்னர் 1987இல் நிறமிச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கி நட்டுக் காட்டினார். வாரக்கணக்கில் வளர்ப்பு, கிருமியற்ற ஆய்வகம், வளர்ப்பு ஊடகத்தில் கட்டிகளைத் தூண்டவல்ல வேதிப்பொருள் என்று செலவும் கவலையும் சேர்ந்தே வந்தன. பிரான்சின் போர்தோ நகரத்து கோத்தியே 1992இல் வளர்ப்பைக் கைவிட்டார்: தோல் துண்டை ட்ரிப்சின் நொதியில் இரவு முழுதும் ஊறவைத்துச் செல்களைப் பிரித்து நேரடியாகவே இடலாம் என்றார். சுவீடனின் ஓல்சனும் யூலினும் 1998இல் அந்த இரவை ஒரு மணிக்கும் குறைவாக்கினார்கள். கொடைத் தோலைப் போல் பத்து மடங்குப் பரப்பை மூடலாம் என்றும் ஆயிற்று. பேலின் காலத்து ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு ஒன்றுக்குப் பத்து என்றானபோது, பெரிய திட்டு உடையவர்களும் முதன்முறையாகத் தகுதி வட்டத்துக்குள் வந்தார்கள். சஞ்சீவ் முலேகர் 2003 முதல் எழுதிய கட்டுரைகள் வழி இம்முறை பரவலாயிற்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவர்கள் தம் முதல் அனுபவத்தை 2012இல் வெளியிட்டபோது பின்பற்றியதும் அதே வழியைத்தான்.

இங்கும் செலவு குறைப்பின் இந்திய அத்தியாயம் தொடர்ந்தது. சண்டிகர் குழு 2014இல், செல் வளர்ப்புத் தட்டின் சிறு குழிகளிலேயே நொதியேற்றலையும் கழுவலையும் முடிக்கும் 'நான்கு அறை' முறையை எழுதி, தனி ஆய்வகத்தின் தேவையைப் பெரிதும் குறைத்தது. ஜோத்பூரின் திலீப் கச்சாவா நொதியையே விலக்கினார். கொடைப் பகுதியில் கிருமிநாசினிக் களிம்பைத் தடவி, சுழல் உராய்வுக் கருவியால் மேற்தோலைத் தேய்த்தால், உதிரும் துகள்கள் களிம்போடு குழைந்து பசையாகும். அப்பசையை அதே கருவியால் தேய்த்துத் தயார்செய்த வெண்திட்டில் பூசிக் கட்டுப் போட்டுவிடலாம். சுழல்பிரிப்பான் வேண்டாம், அடைகாப்பான் வேண்டாம், ட்ரிப்சின் வேண்டாம். பின்னாளில் அதற்கு 'ஜோத்பூர் முறை' என்றே பெயர் நிலைத்தது. பெரும் நிறுவனத்தின் பெயரின்றி ஒரு நகரத்தின் பெயரால் அறுவை முறை அழைக்கப்படுவது இத்துறையில் அழகான விதிவிலக்கு.

இவ்வளவு குறைந்தும் நோயாளியின் கணக்கில் செலவு ஏன் குறையவில்லை என்று கேட்கலாம். கட்டுரைகள் கணக்கிடுவது அறுவைக் கூடத்துச் செலவை மட்டும். கட்டவிழ்க்கும்வரை அசையாதிருக்க வேண்டிய நாள்களின் கூலி, பிறகு மாதக்கணக்கில் வாரமிருமுறை ஒளிச் சிகிச்சைக்குச் செல்லும் பேருந்துக் கட்டணம், நிறம் ஒன்றாய்க் கலக்கும்வரை ஓராண்டுவரை காத்திருப்பு ஆகியவை எந்த அட்டவணையிலும் வருவதில்லை. மருத்துவக் காப்பீடும் உதவுவது அரிது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்குகளில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின்னான சீரமைப்பு அல்லது உடனடி உடல்நல ஆபத்தை நீக்குதல் தவிர, தோற்றத்தை மாற்றும் எந்தச் சிகிச்சையும் விலக்கப்பட்டுள்ளது. தோல் ஒட்டு ஒன்றேதான். தீக்காயத்துக்குச் செய்தால் சீரமைப்பு, வெண்புள்ளிக்குச் செய்தால் தோற்ற மாற்றம். எதிர்ப்பாற்றல் கோளாறாகப் பாடநூல் விளக்கும் நோய், பணம் கட்டும் சாளரத்தில் அழகு விவகாரமாகிவிடுகிறது.

அழகு விவகாரமாக வகைப்பட்டதன் இன்னொரு விளைவு, தகுதி பற்றிய முடிவும் வாடிக்கையாளர் விருப்பமாக மாறுவது. குறிப்பாகத் திருமண நாள் குறிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 'இன்னும் ஓராண்டு பொறுங்கள்' என்பது மருத்துவ ஆலோசனையாகக் கேட்பதில்லை, மறுப்பாகவே கேட்கிறது. பொறுக்கச் சொல்லும் அரசு மருத்துவமனையை விட்டு, பொறுக்கச் சொல்லாத இடத்துக்குச் செல்வது அவர்களுக்கு இயல்பு. பர்சாதும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் காட்டியது இங்கே பொருந்தும்: நோயின் சுமை வாழ்க்கையை அதிகம் அழுத்தியவர்களிடம் சிகிச்சையின் பலனும் குறைவாக இருந்தது. அவசரம் மிகுந்தவரே அடிக்கடி ஆகக் குறைந்த பலன் பெறுபவர். ஓராண்டுக் காத்திருப்புக்கு மருத்துவமனை எதையும் வசூலிப்பதில்லை. எனவே அதை விற்பாரும் இல்லை. நோய் அடங்காத உடலில் ஜோத்பூர் முறையின் மலிவும் வீண்செலவே.

இத்துறையின் அண்மைய திருப்பம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. தீக்காயத்துக்காக உருவாக்கப்பட்டு 2018இல் அமெரிக்க அனுமதி பெற்ற ரீசெல் என்னும் கையடக்கக் கருவி, 2023 ஜூனில் வெண்புள்ளிக்கும் அனுமதி பெற்றது. சூடேறும் சிறு குழியில் ட்ரிப்சின். அதில் தோல் துண்டு. சுரண்டி, வடித்து, தெளித்தல். ஓல்சனும் யூலினும் எழுதிய அதே அடிப்படை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பெட்டிக்குள். விலை ஆயிரக்கணக்கான டாலர். முலேகர் குழு 2008இலேயே சிலரிடம் இதையும் வழக்கமான முறையையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்து, பலன் ஏறத்தாழ ஒன்றே என எழுதியிருந்தது. அமெரிக்க அனுமதி வாசகம் கருவியின் பயன்பாட்டைப் 18 வயது நிரம்பியவர்களின் 'நிலைத்த' திட்டுகளுக்கு என்று வரையறுக்கிறது. நிலைத்ததா என்று பார்க்கும் பொறி எதுவும் அந்தப் பெட்டிக்குள் இல்லை. அதை நோயாளியிடம் கேட்டும், பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டும், சோதனை ஒட்டு வைத்துக் காத்திருந்தும்தான் டெட்ராய்ட்டிலும் ஜோத்பூரிலும் அறிய வேண்டியிருக்கிறது.